பட்டறையில் சொன்ன நாள்

2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை ரவுடி வேட்டையில் இறங்கியபோது கொல்லுப்பட்டறைகளையும் விடவில்லை. கத்தி, அரிவாள் வாங்குபவரின் பெயர், முகவரி, செல்பேசி எண், எதற்கு வாங்குகிறார் என்பதையெல்லாம் நோட்டில் குறித்து வைக்கச் சொன்னது. அந்தச் செய்திதான் தாம்பரம் வட்டாரப் பட்டறைகள் பக்கம் என்னைத் திருப்பியது. அங்கே காதில் விழுவது வேறு வழக்கு: சொல்லி வைத்த கத்தி சொன்ன நாளில் கிடைப்பதில்லை. இளநீர்க் கடைக்காரருக்கும் கறிக்கடைக்காரருக்கும் இதே குறை. ஆசாரி சோம்பேறி என்று பழி போடுவது சுலபம். காசு கைக்கு வரும் வரிசையில்தான் காரணம் இருக்கிறது என்பேன்.

சாணை பிடிப்பது, கடப்பாரை முனை தட்டுவது, கழன்ற பிடியை இறுக்குவது எல்லாம் வந்தவர் நின்று வாங்கிப் போகும் வேலை. கூலி உடனே கிடைக்கும். சொல்லி வைத்த கத்திக்கு வாங்கிய முன்பணமோ லாரிப்பட்டைக்கும் (கத்தி அடிக்க உதவும் லாரியின் வில்பட்டை) கரிக்கும் போய்விடுகிறது. மீதி, கத்தி முடிந்த பிறகுதான். வீட்டுச் செலவு நெருக்கும்போது எதிரில் நிற்பவர் முந்துவார், சொல்லிவிட்டுப் போனவர் பிந்துவார். வேலைக்குப் போய்க்கொண்டே ஆசைக்குக் கத்தி அடிப்பவர் கதையும் இதுதான்; அவருக்கு முந்துவது சம்பள வேலை. புது முன்பணம் வாங்கிப் பழைய ஆர்டரை முடிக்கப் பார்த்தால் பாக்கி பெருகுமே தவிரக் குறையாது.

பவர் ஹேமர் வாங்கினால் தீராதா என்று கேட்கலாம். அடிக்கும் நேரம் குறையும், அவ்வளவுதான்; சூட்டு வேலைக்கான நேரம் குறையாது. லாரிப்பட்டை, சுமார் 0.6 சதவீதம் கரிமம் உள்ள எஃகு. 770 டிகிரி செல்சியஸை ஒட்டி அது காந்தத்தில் ஒட்டாமல் போகும். அதற்குச் சற்று மேலே காய்ச்சி எண்ணெயில் தோய்ச்சல் போட்டால் கெட்டிப்படும். ஆனால் கண்ணாடி மாதிரி தெறிக்கும். 200 டிகிரிக்கு மேல் மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்தினால்தான் வெட்டுத் தாங்கும். அவசரத்தில் சூட்டை ஏற்றினால் உள்ளே படிகம் பருத்து, கத்தி முறியும். முதலிலிருந்து தொடங்க வேண்டும். நேரத்தை மிச்சம் பிடிக்க வழி ஒன்று உண்டு: பாக்கிக் கத்திகளைச் சேர்த்து, ஒரு நாள் முழுக்க அடிப்பு, ஒரு நாள் முழுக்கத் தோய்ச்சல் என்று பிரிப்பது. அன்று சாணை வேலையைத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தக் கூலி நட்டம்.

கடையில் ஆயத்தக் கத்தி மலிவாகக் கிடைக்கிறதே என்பது அடுத்த கேள்வி. காய் நறுக்க அது போதும். நாள் முழுக்க இளநீர் சீவுபவருக்குக் கத்தியின் கனமும் வளைவும் கைக்கு இசைய வேண்டும். அதற்குத்தான் சொல்லி வைக்கிறார். ஆனால் பேரத்தில் ஆயத்தக் கத்தியின் விலையையே காட்டுகிறார். திருப்பி அனுப்பிய சாணைக் கூலி அந்த விலையில் அடங்குமா? அதற்கு முன்பணத்தைக் கூட்ட வேண்டும். கூட்டிக் கொடுத்தால் ஆசாரி ஏமாற்றிவிடுவாரோ என்ற வாங்குபவரின் பயம் நியாயமானது. காவல்துறை கேட்ட நோட்டிலேயே சொன்ன நாள், வாங்கிய பணம் என்று இரண்டு பத்தி சேர்த்து, இருவரும் கையெழுத்துப் போடலாம். பழைய பக்கம் முடியும்வரை புதியவருக்கு நாள் குறிக்காமல் இருப்பது ஆசாரியின் பொறுப்பு. கைவேலைக்குக் கைவேலையின் விலையைக் கொடுப்பது நம் பொறுப்பு.