சத்தம் போடாத பிரேக்

மலைநாட்டில் கார் வைத்திருப்பவனுக்குக் கண்ணைவிடக் காது முக்கியம். மூடுபனி இறங்கிவிட்டால் கண் பத்தடி தூரத்தில் நின்றுவிடும். காது மட்டும்தான் சில்லுக்குள் வரை போய்ப் பார்த்து வரும்.

என்னுடையது பழைய மாருதி 800. வாங்கி எட்டு மாதம். தோட்டத்தில் இரவில் யாருக்காவது வருத்தம் கடுமையானாலும், புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோக வேண்டியிருந்தாலும் என் வீட்டுக் கதவுதான் தட்டப்படும். ஊரான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் போகிறவனால் வண்டியின் முனகலை அலட்சியம் செய்ய முடியாது.

நுவரெலியாவிலிருந்து தலவாக்கலைக்கு இறங்கிய ஒரு நாள், முன்பக்கத்தில் புதிதாக ஒரு சத்தம் கேட்டது. டவுனில் ஒரு கராஜில் காட்டினேன். பாஸ் பொனட்டைக்கூடத் திறக்கவில்லை. "பழைய வாகனம் சேர், சத்தம் போடத்தான் செய்யும். ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைங்க" என்றார். சுற்றி நின்ற பொடியன்களும் சிரித்தார்கள்.

எங்கள் தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலை பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருடம் ரோலர் மெஷின்களின் இரைச்சலுக்குள் வாழ்ந்தவர். பக்கத்தில் நின்று பேசினால் பாதி கேட்காது. பெயாரிங் தேய்வது மட்டும் கேட்கும்! அவர் காரைத் தொடுவதற்கு முன் கேள்விகளைத் தொடங்கினார்.

"எப்ப வருதுங்க மாஸ்டர்? பிரேக்க மிதிக்கையிலயா, மிதிக்காம இருக்கையிலயா? வேகம் கூடுனா கூடுதா? வளைவுல என்ன செய்யுது?"

அதற்குப் பிறகு, "எப்புடிச் சத்தம்? வாயால போட்டுக் காட்டுங்க" என்றார்.

இரட்டைக்கிளவி படிப்பிக்கும் எனக்கு அதில் வெட்கமில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். அவர் பொருள் சொன்னார். காலையில் வண்டியை எடுத்ததும் கேட்டு, இரண்டு முறை பிரேக் மிதித்ததும் மறைகிற 'கர்' இரவுப் பனியில் டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு, பயமில்லை. மிதிக்கும்போதெல்லாம் 'கிறீச்' என்றால் பேட் தேய்ந்திருக்கலாம். சில பேட்களில் இதற்கென்றே சின்ன இரும்பு நாக்கு ஒன்று வைத்திருப்பார்கள். தேய்வு எல்லை மீறும்போது அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். 'கரகர' என்று இரும்பை இரும்பு அரைத்தால் வண்டியை ரோட்டில் இறக்கவே கூடாது. ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது வரும் 'டக்டக்', சில்லுக்குப் போகும் தண்டின் மூட்டில் இருந்து வருவது. டிஸ்க்குக்கும் அதன் பின்தகட்டுக்கும் இடையில் சிக்கிய சிறு கல் மட்டும் ஊரையே கூட்டும். விஷயம் ஒன்றுமிராது.

என்னுடையது வண்டு ரீங்காரம். வேகத்தோடு கூடியது. இடப்பக்க வளைவில் பெருத்து, வலப்பக்க வளைவில் அடங்கியது. இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலப்பக்கச் சில்லில் விழுகிறது. "அப்ப வலது பெயாரிங்" என்றார். ஜாக் வைத்துத் தூக்கி, சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார், ஆடியது. நீண்ட ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, நுனியைச் சில்லைத் தாங்கும் இரும்பில் ஊன்றி, என்னைச் சுழற்றச் சொன்னார். பிறகு என்னிடமும் தந்தார். உள்ளே மணல் அரைபட்டது.

பெயாரிங் மாற்றியாயிற்று. ஆனால் அவர் சும்மா விடவில்லை.

"கத்துற பிரேக்குக்குப் பயப்படாதீங்க மாஸ்டர். அது நாள் கணக்கா சொல்லிக்கிட்டே இருக்கும். சத்தமில்லாம பெடல் உள்ள போச்சுன்னா என்ன செய்வீங்க?"

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். தலவாக்கலைக்கு அறுநூறு மீற்றருக்கு மேல் இறக்கம். ஆட்களோடு 900 கிலோ வண்டியை பிரேக்காலேயே பிடித்துப் பிடித்து இறக்கினால், ஏறத்தாழ பதினைந்து லீற்றர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் பிறக்கிறது. அதில் ஒரு பகுதியைக் காற்று கொண்டுபோகும். மிச்சம் டிஸ்க்கிலும் பேட்டிலும் பிரேக் ஒயிலிலும் ஏறும். அந்த ஒயிலோ ஈரத்தை உறிஞ்சும் சாமான். டொட் 3 என்று குறித்த ஒயில் புதிதில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியதற்கு 140 பாகைதான் அளவு. கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். கால் குமிழை அமுக்கும், பேட் அசையாது. அப்போது எந்தச் சத்தமும் வராது.

2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில், கொழும்பு மாணவர்கள் சுற்றுலா வந்த பஸ் ஒரு வேனிலும் முச்சக்கர வண்டியிலும் மோதியதில் ஏழு பேர் இறந்தார்கள். அவர்கள் வேனிலும் முச்சக்கர வண்டியிலும் இருந்தவர்கள். தங்கள் வாகனத்தின் சத்தத்தை அவர்கள் எவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது. அந்த வீதியால் போகும்போதெல்லாம் இந்த நினைவுதான் எனக்கு வரும்.

அடுத்த ஞாயிறு பெரியவர் வந்து பிரேக் ஒயிலை இறக்கினார். போத்தலில் விழுந்தது கடும் பிளேன்டீ நிறம். எனக்கு முன் வைத்திருந்தவர் எப்போது மாற்றினாரோ! புதியது கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரி இருந்தது. திகதியை பொனட்டின் உட்புறத்தில் பெயின்றால் எழுதச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமாம்.

இப்போது நானுஓயாவிலிருந்து இரண்டாம் கியரில்தான் இறங்குகிறேன். எஞ்சின் உறுமுகிறது. பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகள், "சேர், நடந்தே போயிருக்கலாம்" என்கிறார்கள். பின்னால் வரும் பஸ்கள் ஹோர்ன் அடிக்கின்றன. ஓரமாக இடம் கிடைத்தால் விலகிக் கொடுக்கிறேன்.