திருவையாறுக்கு ஒரு ராலி ரைட்!

தஞ்சாவூர்ல திருவையாறு பஸ் ஏறுறீங்களா? ஜன்னல் சீட் வேணாம் பாஸ். டிரைவருக்கு இடதுபக்கம், முன்கண்ணாடியை ஒட்டின சீட்டைப் பிடிங்க. சுமார் 12 கி.மீ.தான். அதுக்குள்ள வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரினு அஞ்சு ஆறு! பாலம், வளைவு, அறுவடை சமயம்னா ரோட்டிலேயே காயுற நெல். 'இடது வளைவு, மெதுவா... பாலம்... நேரா போ'னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே வாங்க. கார் ராலியில கோ-டிரைவர் பார்க்குற வேலை இதுதான்.

அந்த சீட்ல இருந்து ஸ்டீயரிங்குக்கு மாறினவர்தான் பிரான்ஸ்காரர் மிஷெல் மூத்தோன். அப்பா ஒரு கார் வாங்கிக் கொடுத்து, ஒரே ஒரு வருஷம் டைம் கொடுத்தாராம். (நம்ம வீட்ல கேட்டுப் பாருங்களேன்!) 1981-ல இத்தாலியின் சான்ரெமோ ராலியில ஜெயிச்சார். உலக சாம்பியன்ஷிப் ராலி ஒன்றை வென்ற முதல் பெண். இன்றுவரை ஒரே பெண்ணும் அவர்தான். 1982-ல மூணு வெற்றி. பட்டம் கைக்கெட்டுற தூரத்துல இருந்தப்போ, ஐவரி கோஸ்ட் ராலிக்குச் சற்று முன்னால அப்பா இறந்துட்டார். அப்படியும் ஓட்டினார். முன்னணியில இருந்தார், கார் கைவிட்டுடுச்சு. இரண்டாம் இடம். 1986-ல ராலிக்கு குட்பை சொன்னார்.

நம்ம பஸ்ஸை உரசிக்கிட்டு பைக்ல பறக்குற மாப்ளைங்களுக்கு ஒரு சேதி. ராலியில அந்த அசுர வேகமெல்லாம் போக்குவரத்தை நிறுத்தி மூடின ரோட்ல மட்டும்தான். மத்த ரோட்ல சிக்னலுக்கு நின்னுதான் போகணும். கன்ட்ரோல் பாயின்ட்டுக்கு சீக்கிரமா வந்தாலும் பெனால்டி! கோவை லீலாகிருஷ்ணன் மாதிரி நம்மூர் தேசிய சாம்பியன்களுக்கும் இதே ரூல்தான்.

காவிரிப் பாலம் தாண்டியாச்சா? இறங்குங்க. தியாகராஜர் சமாதிக்கு நடந்தே போயிடலாம். ஜனவரி ஆராதனைக் கூட்டம் இல்லாத நாள்ல போனா காவிரிக் காத்து மட்டும்தான் துணை. இந்தச் சமாதிக்குக் கோயில் எழுப்பினவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், சொந்தச் சம்பாத்தியத்தைப் போட்டு! 1925-ல கும்பாபிஷேகம். ஆனா ஆராதனையில பெண்கள் பாட அப்போ இடமில்லை. அழுதுட்டு உட்காரலை அந்தம்மா. 1927-ல பெண்களுக்குனு தனி கோஷ்டியே ஆரம்பிச்சுட்டார். 1940-ல எல்லாக் கோஷ்டியும் ஒண்ணாச்சு. 1952-ல அவர் மறைஞ்ச பிறகு, சமாதியைப் பார்த்த மாதிரி அவருக்கும் ஒரு சிலை வெச்சிருக்காங்க. அங்க ரெண்டு நிமிஷம் உட்காருங்க.

கிளம்பும்போது அசோகா அல்வா மறந்துடாதீங்க. பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்த சமாசாரம். ஹாஸ்டலுக்குனா கால் கிலோ பத்தாது!