கூட்டத்துக்குப் போகுமுன்

வென்ட்வேர்த்வில், சிட்னி

அன்பின் தங்கச்சி,

சின்னவனுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான அரச உதவித் திட்டமான என்.டி.ஐ.எஸ். கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் திட்டக் கூட்டம் என்று நீ அனுப்பிய செய்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பிள்ளை பிறந்தது மெல்பேணில். ஆனாலும் நீங்கள் 2012இல் படகில் வந்தவர்கள், கையில் இருந்தது தற்காலிக வீசா என்பதால், இவ்வளவு காலமும் அந்தத் திட்டத்தில் அவனுக்கு இடம் இருக்கவில்லை. 2023 பெப்ரவரியில் அரசாங்கம் உங்களைப் போன்ற ஏறக்குறைய 19,000 பேருக்கு நிரந்தர வீசாவுக்கு வழி திறந்த பிறகுதான் அவனுக்கும் வழி பிறந்தது. இழந்த வருடங்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தக் கோபம் கிடக்கட்டும், இப்போது நடக்கவேண்டியதைப் பார்ப்போம்.

போனில் நீ சொன்ன ஒன்று மனதில் நின்றுவிட்டது. "கேட்டுக் கேட்டு நிற்க வெட்கமா இருக்கு அக்கா. நாங்கள் சமாளிக்கிறம் எண்டு சொன்னால் போதாதே?" என்றாய். போதாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் வேலைக்குப் போகிற வீடுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். அதிகாரி வருகிறார் என்றால் எங்கள் சனம் வீட்டைக் கூட்டித் துடைத்து, பிள்ளைக்கு நல்ல உடுப்புப் போட்டு, வந்தவருக்குத் தேத்தண்ணியும் வடையும் வைத்து, கேட்டதற்கெல்லாம் "பரவாயில்லை" என்று சிரித்துக்கொண்டு பதில் சொல்லும். வந்தவர் அதை அப்படியே எழுதிக்கொண்டு போவார். பிறகு வரும் திட்டத்தில் உதவி மணித்தியாலங்கள் குறைந்திருக்கும். அவரைக் குறை சொல்லி வேலையில்லை, நாங்கள் சொல்லாததை அவர் எங்கே எழுதுவது?

இன்னொன்று. "தாய்தானே செய்யவேணும்" என்று நீ நினைக்கிறதெல்லாம் அவர்களின் கணக்கிலும் பெற்றோரின் பொறுப்பு என்றுதான் விழும். அதே வயதுப் பிள்ளைக்கு எந்தத் தாயும் செய்கிற வேலைக்கு அவர்கள் உதவி தரமாட்டார்கள். ஆகவே அந்த வித்தியாசத்தைத்தான் நீ காட்டவேண்டும். மற்ற ஒன்பது வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே குளிக்கிறார்கள். சின்னவனுக்குத் தண்ணீர் தலையில் பட்டால் அலறல், ஒருவர் பிடிக்க ஒருவர் குளிப்பாட்டவேண்டும். வாசல் கதவுக்கு மேலே இரண்டாவது பூட்டு ஏன் போட்டீர்கள் என்று சொல்லு. அவன் றோட்டுக்கு ஓடினதைச் சொல்லு. இரவில் எத்தனை மணிக்கு எழும்புகிறான், அடுத்த நாள் நீ எப்படி வேலைக்குப் போகிறாய் என்பதைச் சொல்லு. நல்ல நாளைச் சொல்லாதே, மிக மோசமான நாளைச் சொல்லு. இப்போதே ஒரு கொப்பியில் இரண்டு கிழமைக்கு எழுதி வை. கூட்டத்தில் நா எழாவிட்டால் அதைப் பார்த்து வாசி.

உரைபெயர்ப்பாளரைக் கட்டாயம் கேள். இங்கிலிஷ் கடையில் கதைக்கக் காணும், உன் பிள்ளையின் இரவுகளைச் சொல்லக் காணாது. அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. 131 450க்கு அடித்துத் தமிழ் என்று சொல்லி, என்.டி.ஐ.எஸ்.ஸுக்கு இணைக்கச் சொன்னால் இணைப்பார்கள். மூத்தவளை அந்த இடத்தில் இருத்தாதே. தம்பியைப் பற்றி அம்மா அழுது சொல்வதைப் பதின்மூன்று வயதுப் பிள்ளை இங்கிலிஷில் திருப்பிச் சொல்லக்கூடாது. உங்கள் டண்டினோங்கில் தெரிந்த முகம் வந்துவிடுமோ, கோயிலில் கதை வந்துவிடுமோ என்று பயந்தால், வேறு மாநிலத்திலிருந்து போனில் கதைக்கிற ஒருவரைக் கேட்கலாம். அவர்கள் இரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர்கள்.

வீட்டில் தமிழை விட்டுவிடுங்கள், இரண்டு மொழி பிள்ளையைக் குழப்பும் என்று ஒரு தெரபிஸ்ட் சொன்னதாகச் சொன்னாய். விடாதே. சின்னவனைப் போல ஒட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இரண்டாவது மொழி தீங்கு செய்வதாக ஆய்வுகள் காட்டவில்லை. அவன் அம்மம்மாவோடு வீடியோவில் கதைப்பது எந்த மொழியில்? தமிழ் அவனுடைய வீட்டு மொழி என்பதைத் திட்டத்திலேயே எழுதச் சொல்லு. படம் காட்டிக் கதைக்கிற அட்டைகள் தந்தால் அவற்றில் தமிழும் வேண்டும் என்று கேள்.

திட்டம் வந்த பிறகு குறைவாக இருந்தால் மூன்று மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். அதிலும் சரிவராவிட்டால் நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயம் இருக்கிறது. தனியாகப் போகவேண்டாம். விக்டோரியாவில் ஏடெக் என்று ஒரு அமைப்பு, புலம்பெயர்ந்த சமூகங்களின் மாற்றுத்திறனாளிகளுக்காகவே வேலை செய்கிறது. அவர்களோடு இப்போதே கதைத்துவை.

எங்கள் ஆட்கள் பிள்ளைகளின் நிலையை ஏன் இப்படி மறைக்கிறார்கள் என்று சனம் பேசும்போது எனக்கு மனம் கொதிக்கும். வெட்கமும் கண்ணூறுப் பயமும் இருக்கிறது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் மறைக்கப் பழக்கியதில் சட்டத்துக்கும் பங்கிருக்கிறது. 1992இல் மாற்றுத்திறனாளிகளுக்கு எதிராகப் பாகுபாடு காட்டக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு குடிவரவுச் சட்டத்துக்கு விலக்கும் கொடுத்தது. 2008இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றபோதும், அது தங்கள் குடிவரவு மருத்துவ நிபந்தனைகளைப் பாதிக்காது என்று ஒரு விளக்கத்தையும் சேர்த்துத்தான் ஏற்றார்கள். அதே வருடம் விக்டோரியாவின் ஹோர்ஷமில் வேலை செய்த ஜெர்மன் டொக்டர் ஒருவருக்கு, மகனுக்கு டவுன் சிண்ட்ரோம் என்பதற்காக நிரந்தர வதிவிடம் மறுத்தார்கள். ஊரே எழும்பிய பிறகு அமைச்சர் தலையிட்டுக் கொடுத்தார். ஊர் எழும்பாத குடும்பங்களை யார் கணக்கெடுத்தது?

வேலை வீசாவில் வருகிற எங்கள் சனத்துக்கு இன்றும் அந்த மருத்துவ நிபந்தனை உண்டு. பிள்ளையின் மருத்துவ, சமூகச் சேவைச் செலவு ஒரு தொகையைத் தாண்டும் என்று மதிப்பிட்டால், குடும்பம் முழுவதற்குமே மறுப்பு வரலாம். 2024 ஜூலையில் அந்தத் தொகையை 51,000 டொலரிலிருந்து 86,000 ஆக உயர்த்தினார்கள், விசேட கல்விச் செலவைக் கணக்கிலிருந்து எடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் வீசா வரும்வரை பிள்ளையை டொக்டரிடம் காட்டாமல் காத்திருந்த தாய்மாரை எனக்குத் தெரியும். பேச்சுத் தெரபி தொடங்கவேண்டிய வயதில் அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குள் இருந்தார்கள். நாட்டில் ஐந்தில் ஒருவருக்கு மேல் வீட்டில் வேறு மொழி பேசுகிறார்கள். என்.டி.ஐ.எஸ்.ஸில் எங்களைப் போன்ற பின்னணிக்காரர் பத்தில் ஒருவர் அளவுதான். மிச்சப் பிள்ளைகள் எங்கே என்று கேட்டால், இப்படித்தான் எங்கேயோ இருக்கிறார்கள்.

உன் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கிற அந்தத் தாயைப் பற்றியும் சொன்னாய். அவர்களுக்கு இன்னும் பிரிட்ஜிங் என்கிற இடைக்கால வீசாதான், மகள் சக்கர நாற்காலியில். என்.டி.ஐ.எஸ். அவளுக்கு இல்லை, அது அநியாயம், மாற்றக் குரல் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் பள்ளிக்கூடம் வேறு. மாற்றுத்திறனாளிகளுக்கான 2005இன் கல்வி நியமங்களின்படி, சேர்ந்த பிள்ளைக்குத் தேவையான வசதிகளை நியாயமான அளவுக்குப் பள்ளிக்கூடம் செய்யவேண்டும், வீசா எதுவாக இருந்தாலும். சரிவுப் பாதை, மலசலகூடம், வகுப்பறையைக் கீழ்மாடிக்கு மாற்றுவது, எல்லாம் கேட்கலாம். எழுத்தில் கேட்கச் சொல்லு, வாயால் கேட்டது கோப்பில் நிற்காது. புட்ஸ்கிரேயில் இருக்கிற புகலிடம் கோருவோர் வள நிலையத்துக்கும் அவவைக் கூட்டிக்கொண்டு போ. உனக்கு வியாழக்கிழமை வேலை இல்லைத்தானே, அன்றைக்கே போய்விட்டு வாருங்கள்.

கூட்டத் திகதி உறுதியானதும் எழுது. நான் லீவு போட்டுக்கொண்டு வந்து உன் பக்கத்தில் இருக்கிறேன். கொப்பியை மறக்காதே.

அன்புடன்,
அக்கா