கேஸ்கட் போனது சரி, ஏன் போச்சு?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல மக்களே. காரணம் பரீட்சை இல்ல, ஒரு கார் :-)

குட்மேய்ஸ்ல நான் வாடகைக்கு இருக்கற வீட்டு அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரர். டில்பரி பக்கம் ஒரு கிடங்குல ராத்திரி வேலை. ஷிஃப்ட் முடியறப்போ மணி ரெண்டு, அந்த நேரத்துல ரயில் கிடையாது. கார் இருந்தாதான் வேலை. 2023 ஆகஸ்ட் 29-ல யூலெஸ் கட்டணம் லண்டன் முழுக்க வந்தப்போ எங்க ஏரியாவும் உள்ள போயிடுச்சு. தினம் 12.50 பவுண்டு அழ முடியாதுன்னு பழைய டீசல் வண்டிய வித்துட்டு, விதிக்குள்ள வர்ற ஒரு பெட்ரோல் காரை வாங்கினார்.

அந்தக் கார்தான் இப்போ தண்ணி குடிக்க ஆரம்பிச்சுது. கீழ ஒரு சொட்டு கிடையாது, ஆனா வாரா வாரம் கூலன்ட் குறையுது. ஒருநாள் ஏ13 ரோட்டுல முள் சிவப்புக்கே போயிடுச்சு. ஒரு ஒர்க்ஷாப்புல காட்டினா, "ஹெட் கேஸ்கட் போச்சு, சரி பண்ற செலவு கார் விலைய விட அதிகம், ஸ்கிராப்புக்குப் போடுங்க"ன்னு சொல்லிட்டாங்க.

"தம்பி, நீர் மெக்கானிக்கல் படிக்கிறனீர்தானே, ஒருக்கா வந்து பாரும்" என்றார் அண்ணன். நான் ஏட்டுப் படிப்பு. நல்லவேளை, அவருக்கு ஒரு சிநேகிதர் இருக்கார். 90-கள்ல பொருளாதாரத் தடை இருந்த யாழ்ப்பாணத்துல மண்ணெண்ணெயில கார் ஓட்டிக் காட்டின மெக்கானிக். அவர்தான் குரு, நான் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கற சிஷ்யன்.

கேஸ்கட்னா என்ன? எஞ்சின் பிளாக்குக்கும் மேல உட்கார்ற சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற மெல்லிய தகடு. எரியற வாயு, ஆயில், கூலன்ட் மூணும் ஒண்ணோடொண்ணு கலக்காம பார்த்துக்கறது அதோட வேலை. எந்த இடத்துல கிழியுதோ அதுக்கேத்த மாதிரி அறிகுறி மாறும். அதனால ஒரே ஒரு அறிகுறிய வெச்சு முடிவு பண்ணக் கூடாது. ஆயில் மூடிக்கு அடியில பால் விட்ட காபி மாதிரி பசை இருந்தா எல்லாரும் பயப்படுவாங்க. குளிர்காலத்துல பக்கத்துக் கடை வரைக்கும் மட்டுமே ஓடற வண்டியில, எஞ்சின் முழுசா சூடாகாம ஈரம் தங்கியும் அந்தப் பசை வரும். காலையில வர்ற வெள்ளைப் புகையும் அப்படித்தான், வெறும் நீராவியா இருக்கலாம். சூடான பிறகும் நிக்காம, இனிப்பு வாசனையோட வந்தாதான் சந்தேகப்படணும்.

குரு நீல திரவம் இருக்கற ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். எஞ்சின் ஓடும்போது கூலன்ட் டேங்க் வாயில வெச்சு காத்தை உறிஞ்சணும். எரிஞ்ச வாயு கூலன்ட்ல கலந்திருந்தா நீலம் மஞ்சளாகும். ரெண்டே நிமிஷத்துல மஞ்சள். கம்ப்ரெஷன் பார்த்தா ரெண்டாவது, மூணாவது சிலிண்டர் ரெண்டுமே கம்மி. ஆக அந்த ஒர்க்ஷாப் சொன்னது சரிதான்.

நான் ஹெட்டைக் கழட்டலாம்னு கிளம்பினேன். "பொறும். இது ஏன் போனது?" என்றார் குரு.

எஞ்சின் ஆறினதும் டேங்க்ல கை பம்ப் மாட்டி அழுத்தம் ஏத்தினார். முள் மெல்ல மெல்ல இறங்குது. டார்ச் அடிச்சுத் தேடினா, ரேடியேட்டர் ஓரத்துல, விசிறிக்குப் பின்னாடி காய்ஞ்ச படிவு! சூட்டுல கசிஞ்சது அங்கேயே ஆவியாயிடுது, தரையில எப்படித் தெரியும்? கூலன்ட் குறைஞ்சு, எஞ்சின் கொதிச்சு, அலுமினிய ஹெட் வளைஞ்சு, கடைசியா கேஸ்கட். வெறும் கேஸ்கட்டை மட்டும் மாத்தியிருந்தா புதுசும் போயிருக்கும்.

இந்த ஊர்லயே இதுக்குப் பெரிய உதாரணம் இருக்கு. 1980-களின் கடைசியில வந்த ரோவர் கே சீரிஸ் எஞ்சின். அருமையான, எடை குறைஞ்ச எஞ்சின், லோட்டஸ் எலீஸ்ல கூட இருந்தது. ஆனா 1.8 லிட்டர் வகை ஹெட் கேஸ்கட்டுக்கே பேர் போனது. உள்ள ஓடற கூலன்ட் அளவு கம்மி. தெர்மோஸ்டாட் இருந்த இடத்தால, அது திறக்கும்போது சூடான எஞ்சினுக்குள்ள குளிர்ந்த தண்ணி திடீர்னு பாயும். ஹெட்டை இடம் நகராம பிடிக்கற டவல் பிளாஸ்டிக். இதையெல்லாம் விட்டுட்டு கேஸ்கட்டை மட்டும் மாத்தினவங்களுக்கு மறுபடியும் போச்சு. இரும்பு டவலும் பல அடுக்கு எஃகு கேஸ்கட்டும் பின்னாடி வந்தது. 2005 ஏப்ரல்ல எம்ஜி ரோவர் கம்பெனியே திவாலாயிடுச்சு.

எங்க கதைக்கு வருவோம். வீட்டு முன்னாடி ரெண்டு சனி, ஞாயிறு. ஹெட் போல்ட்டை எஞ்சின் ஆறின பிறகு, ஓரத்துலேர்ந்து நடுவுக்குக் கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தணும். பூட்டும்போது நடுவுலேர்ந்து ஓரத்துக்கு. நேர்ச்சட்டம் வெச்சு ஃபீலர் கேஜ் விட்டா, ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல 0.10 மில்லிமீட்டர் தாராளமா நுழையுது. மேனுவல்ல இருந்த எல்லை 0.05. மெஷின் ஷாப்புல விரிசல் சோதிச்சு, சீவி வாங்கினோம். போல்ட் புதுசுதான் போடணும், ஏன்னா ஒரு தடவை இழுபட்டது இழுபட்டதுதான். போல்ட் குழியில தண்ணியோ ஆயிலோ நிக்கக் கூடாது, இறுக்கும்போது பிளாக்கே வெடிக்கும். டார்க் ரெஞ்சுல ஆரம்பிச்சு, மீதியை டிகிரி கணக்குல திருப்பணும். திறந்ததோட டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் எல்லாம் புதுசு.

சாமான், மெஷின் ஷாப் எல்லாம் சேர்த்து 390 பவுண்டு. குரு காசு வாங்கல, அண்ணி வெச்ச ஒடியல் கூழ் மட்டும். அண்ணனுக்கு நாலு ஷிஃப்ட் போச்சு, வேலை போகல.

உங்க வண்டியில கூலன்ட் குறைஞ்சா, ஊத்திட்டு ஓட்டாதீங்க. எங்க போகுதுன்னு முதல்ல தேடுங்க. முள் ஏறினா உடனே ஓரங்கட்டி நிறுத்துங்க. முக்கியமா, எஞ்சின் சூடா இருக்கும்போது அந்த மூடியைத் திறந்துடாதீங்க, முகத்துல கொட்டும்.