ஓட்டை அடைத்தவனின் வாக்குமூலம்

டைம் டிராவல் படங்களில் யாராவது லாஜிக் ஓட்டையைக் காட்டினால், எப்பாடுபட்டாவது அதை அடைத்துவிட வேண்டும் என்ற வெறி எனக்குப் பல வருடங்களாக இருந்தது. கொடைக்கானலில் எங்கள் நண்பர் வட்டத்தில் இப்படி ஒரு படம் வந்தால் விளக்கம் கேட்க என்னைத்தான் தேடுவார்கள். நானும் தயங்காமல் சொல்வேன். அந்த விளக்கங்களில் பாதிக்கு மேல் படத்திலேயே இல்லாதவை, அந்த நிமிடத்தில் நான் கட்டிவிட்டவை. தெரிந்தேதான் செய்தேன். "தெரியலை" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செய்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகைப் படங்களுக்குப் பொதுவான விதி என்று ஒன்று கிடையாது. 1985இல் வந்த 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்தில் காலம் ஒற்றைக் கோடு. கடந்த காலத்தில் கை வைத்தால் நிகழ்காலம் மாறும். 1995இல் வந்த '12 மங்கீஸ்' படத்தில் எதையும் மாற்ற முடியாது. அங்கே போய் என்ன செய்தாலும் அது ஏற்கெனவே நடந்ததன் பகுதிதான். 2019இன் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' காலம் கிளை பிரியும் என்கிறது. 2021இன் 'மாநாடு' படத்தில் நாயகன் அப்துல் காலிக் செத்தால் நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒரு படத்தில் கதை இடித்தால், இன்னொரு படத்தின் விதியைக் கடன் வாங்கி அங்கே ஒட்டிவிடுவேன். எதிரில் இருப்பவர் குழம்பிப்போய்த் தலையாட்டுவார். அதை என் வெற்றியாக எடுத்துக்கொள்வேன்.

இதில் நான் அதிகம் காயப்படுத்தியது என் அக்கா மகளை. நாயுடுபுரத்து வீட்டில், மழை விடாத ஓர் ஐப்பசி ராத்திரி, 'இன்று நேற்று நாளை' பார்த்துக்கொண்டிருந்தோம். ரவிக்குமார் இயக்கி 2015இல் வந்த படம். 2065இலிருந்து வரும் கால இயந்திரம் இரண்டு இளைஞர்கள் கையில் சிக்குகிறது. அவர்கள் கடந்த காலத்துக்குப் போய்வந்ததில், போலீஸ் என்கவுன்டரில் செத்திருக்க வேண்டிய குழந்தைவேலு என்ற ரவுடி பிழைத்துவிடுகிறான். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பிள்ளை கேட்டாள்: "மாமா, அவன் சாகவே இல்லைன்னா, செத்தது இவங்க ரெண்டு பேருக்கு மட்டும் எப்படி ஞாபகம் இருக்கு?"

"இவங்க வேற கிளை உலகத்துக்கு வந்துட்டாங்க. பழைய உலகம் அங்கேயே இருக்கு" என்றேன். இயற்பியலாளர் ஹியூ எவரெட் 1957இல் முன்வைத்த, உலகம் கிளை பிரியும் என்ற குவாண்டம் கொள்கையையும் துணைக்கு இழுத்தேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப பழைய உலகத்துல இவங்க காணாமப் போயிட்டாங்களா? அங்க இவங்க வீட்ல தேட மாட்டாங்களா?"

அங்கேயே என் விளக்கம் உடைந்துபோனது. கிளை உலகம் என்று சொன்னால், நடந்ததைச் சரிசெய்ய அவர்கள் மறுபடி போராடுவதற்கே அர்த்தமில்லை. அது எனக்குப் புரிந்தது. புரிந்தும், "உனக்கெல்லாம் இது விளங்காது, பேசாம படத்தைப் பாரு" என்று அதட்டினேன். ரிமோட்டை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள். அதன் பிறகு எந்தப் படத்தைப் பற்றியும் என்னிடம் கேட்டதில்லை.

எனக்கு எதிரான சாட்சி எங்கள் ஊரிலேயே இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறது. சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்ததும் இங்கேதான். நூறாண்டைத் தாண்டிய அந்தப் பதிவில், மேகம் மூடிய நாட்கள் வெற்றிடமாகவே இருக்கின்றன. முந்தின நாள் படத்தையும் மறுநாள் படத்தையும் பார்த்து நடுவில் ஒரு சூரியனை யாரும் வரைந்து சேர்க்கவில்லை. அதனால்தான் இன்றைய ஆய்வாளர்கள் அதை நம்பிக் கணக்குப் போடுகிறார்கள். நானோ மேகம் மூடிய இடத்திலெல்லாம் சூரியனை வரைந்து வைத்தவன்.

ஓட்டை போலத் தோன்றுவதெல்லாம் ஓட்டையும் அல்ல. 'மாநாடு' படத்தில் காலிக்குக்கு இருக்கும் நினைவு போலீஸ் அதிகாரி தனுஷ்கோடிக்கும் எப்படி வந்தது? காலிக்கின் ரத்தம் அவர் உடம்பில் கலந்ததுதான் காரணம் என்று படமே சொல்லிவிடுகிறது. அதை எடுத்துச் சொல்வது விளக்கம். 'இன்று நேற்று நாளை' கதையோ, பயணம் போனவரின் நினைவு மாறாது என்று வைத்துக்கொண்டு நகர்கிறது. 'பேக் டு தி ஃபியூச்சர்' கதையும் அப்படித்தான். கதை நடப்பதற்காக ரசிகர்கள் தரும் சலுகை அது. அதற்கு எவரெட்டைக் கூப்பிட்டது பித்தலாட்டம்.

அந்தப் பிள்ளை இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அவள் கேட்டது சரியான கேள்வி, எனக்குத்தான் பதில் தெரியவில்லை என்று போன விடுமுறையில் அவளிடமே சொன்னேன். "பரவாயில்ல மாமா" என்றாள். எனக்கு அது பரவாயில்லை என்று விடக்கூடிய விஷயமாக இல்லை. ஒரு குழந்தையின் கூர்மையை மட்டம்தட்டித்தான் என் கெட்டிக்காரன் பட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். அது கோழைத்தனம். இப்போது யாராவது கேட்டால், படம் சொன்னதைச் சொல்கிறேன். சொல்லாத இடம் வந்தால், "படம் சொல்லலை, எனக்கும் தெரியலை, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.