மறைமலை நகரும் ஜெப மொழியும்

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு மார்க்கமாகச் செல்லும் மின்சார ரயிலில் ஏறி, வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் என்று ஒவ்வொன்றாகக் கடந்து போனால் மறைமலை நகர் வருகிறது. சென்னையின் நெருக்கடியைக் குறைப்பதற்கென்று திட்டமிட்டு அமைத்த துணை நகரம் இது. ஃபோர்டு கம்பெனி 2022-ஆம் வருஷம் வரையில் இங்கேதான் மோட்டார் கார்கள் செய்து வந்தது. ஊரின் பெயரைக் கேட்டுவிட்டு மலைச் சிகரத்தைத் தேடிப் பயனில்லை. அது ஒரு மனிதரின் பெயர்.

வேதாசலம் என்று பெற்றோர் இட்ட பெயரை மறைமலை என்று தமிழாக்கிக் கொண்டவர் மறைமலையடிகள். வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று. 1916-இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய இவர் பழுத்த சைவர். ஆனால் 1898 முதல் 1911 வரையில் அவர் தமிழ் போதித்த இடம் எது தெரியுமா? சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி! அந்தக் கல்லூரி 1937-இல் பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக்குக் குடியேறியது. ஆகவே, கிறிஸ்தவக் கல்லூரியும், அதன் பழைய தமிழாசிரியரின் பெயர் தாங்கிய ஊரும் இன்று ஒரே ரயில் பாதையில் இருக்கின்றன.

இந்தச் சேர்க்கை நமக்கு ஒரு கேள்வியை நினைவூட்டுகிறது. கடவுளிடம் பேசுவதற்கு எந்தச் சொல் தகுந்த சொல்? தமிழ்க் கிறிஸ்தவர்கள் நானூறு வருஷங்களுக்கு மேலாக இதற்கு விடை தேடி வந்திருக்கிறார்கள்.

1578-இல் கொல்லத்தில் ஒரு சிறு புத்தகம் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. அன்டிரீக் பாதிரியார் வெளியிட்ட அந்த நூலின் பெயர் "தம்பிரான் வணக்கம்". இந்திய மொழிகளில் அச்சு வாகனம் ஏறிய முதல் புத்தகங்களில் ஒன்று ஜெபமும் உபதேசமும் அடங்கிய நூல் என்பது நாம் பெருமை கொள்ளத் தக்கது. அதன் தலைப்பு எவ்வளவு நல்ல தமிழ்! ஆனாலும் அந்நாளைய கத்தோலிக்கரின் மன்றாட்டுகளில் "இஸ்பிரீத்து சாந்து" போன்ற மேல்நாட்டுச் சொற்கள் வெகுகாலம் நிலைத்திருந்தன. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715-இல் அச்சிட்டு முடித்தார். அவருக்குப் பின் வந்த மொழிபெயர்ப்புகளின் வழியாக ஜெபம், ஆராதனை, ஸ்தோத்திரம், சுவிசேஷம், ஞானஸ்நானம் என்னும் வடமொழிச் சொற்கள் புராட்டஸ்டண்டு வீடுகளில் வேரூன்றின.

கத்தோலிக்கக் கோயில்களிலோ பூசை லத்தீனில் நடந்து வந்தது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழிக்கு வழி திறந்துவிட்டது. பிற்பாடு, 1995-இல், கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து "திருவிவிலியம்" என்னும் பொது மொழிபெயர்ப்பைக் கொண்டு வந்தார்கள். அதில் சுவிசேஷம் நற்செய்தியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, பரிசுத்த ஆவி தூய ஆவியானார். அடிகள் தம் பெயருக்குச் செய்ததை வேதாகமத்துக்கும் செய்துவிட்டார்கள் என்றே சொல்லலாம்.

ஆனால் பழைய சொல் அவ்வளவு சுலபமாகப் போய்விடுமா? புராட்டஸ்டண்டு சபைகளில் பெரும்பாலோர் இன்றும் பழைய மொழிபெயர்ப்பையே கையில் வைத்திருக்கிறார்கள். "ஸ்தோத்திரம்" என்ற சொல்லைக் கேட்கும்போது, விடியற்காலையில் முழங்காலில் நின்ற பாட்டியின் குரல் ஒருவருக்குக் காதில் ஒலிக்கிறது. அதை வடமொழி என்று தள்ளிவிட அவருக்கு மனம் வருமா? தமிழ் தூய்மை பெற வேண்டும் என்ற ஆசையும் நியாயந்தான்; பாட்டியின் சொல்லை விடமாட்டேன் என்ற பற்றும் நியாயந்தான்.

இந்த வழக்கில் சுவிசேஷம் என்ன தீர்ப்புச் சொல்கிறது? இயேசு பேசியது அரமேய மொழி. அவர் வரலாற்றை எழுதியவர்களோ கிரேக்கத்தில் எழுதினார்கள். ஆக, அந்தச் செய்தி பிறந்த நாளிலிருந்தே மொழி மாறி வந்த செய்தி. ஜெபிக்கும்போது வீண் வார்த்தைகளை அடுக்க வேண்டாம், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபியுங்கள் என்று அவர் போதித்தார். தொழ வேண்டிய இடம் இந்த மலையா, எருசலேமா என்று கிணற்றடியில் ஒரு சமாரியப் பெண் கேட்டபோது, ஆவியோடும் உண்மையோடும் தொழுவதே தொழுகை என்றார். பெந்தெகொஸ்தே நாளில் சீஷர்கள் பேசியதைப் பல தேசத்தாரும் அவரவர் சொந்த மொழியிலே கேட்டார்கள் என்று வேதாகமம் கூறுகிறது.

இந்தக் கருத்து நம் மண்ணுக்குப் புதிதன்று. மறைமலை நகருக்கு அடுத்த சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஒரகடம் வழியாகச் செல்லும் சாலை ஸ்ரீபெரும்புதூரில் போய்ச் சேருகிறது. அவ்வூரில் அவதரித்த ராமானுஜர், ரகசியமாகப் பெற்ற மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின்மேல் ஏறி நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார் என்பது வைஷ்ணவ சம்பிரதாயம். நல்ல செய்தி என்றால் அதை நாலு பேருக்குப் புரியும்படி சொல்லத்தானே வேண்டும்?

இன்று அந்தச் சாலை நெடுகிலும் தொழிற்சாலைகள். பீகார், ஒடிஸா, ஜார்க்கண்டு முதலிய ராஜ்யங்களிலிருந்து வந்த வாலிபர்கள் அங்கே உழைக்கிறார்கள். அவர்களில் ஒரு கிறிஸ்தவ வாலிபன் ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் ஊர்க் கோயிலுக்குள் நுழைவானானால், ஸ்தோத்திரமும் அவனுக்குப் புரியாது, புகழ்ச்சியும் புரியாது. லத்தீன் பூசையின் நடுவே நம் முன்னோர்கள் நின்ற நிலையில்தான் அவன் நிற்பான்.

தாய்மொழியில் தொழும் உரிமையை நாம் நெடுங்காலம் காத்திருந்து பெற்றோம். அதன் அருமையை அறிந்த நாம், அவனுக்கும் ஒரு வேத வாசகம், ஒரு பாட்டு, அவன் மொழியில் கிடைக்கும்படி செய்தால், அதுவும் ஆராதனையின் ஒரு பகுதியே. வழிபாடு என்று சொன்னாலும் குற்றமில்லை.