ஈ போய் எஃப் வந்த கதை

வழக்கமா நெல்லும் மாடும் எழுதுற இடத்துல இன்னைக்கு கம்ப்யூட்டர் சங்கதி. ஆனா இதுவும் விதைநெல் பத்தினதுதான்.

என்னிடம் கையடக்கமா ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இருக்கு. 2011-லிருந்து நான் காப்பாத்திக்கிட்டு வர்ற மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கிச்சிலிச் சம்பா போட்டோ எல்லாம் அதுலதான். கதிர் எப்படி இருந்தது, எந்த வயல்ல கலப்பு தட்டுப்பட்டது, எல்லாத்துக்கும் படம் உண்டு. கணக்கு மட்டும் லேப்டாப்பில், எக்செல்லில். ஒவ்வொரு வரியிலும் ஓர் இணைப்பு. தொட்டால் பெட்டியிலிருந்து போட்டோ திறக்கும். விதை கேட்டு வர்றவங்களுக்கு அதைக் காட்டித்தான் கொடுப்பேன்.

போன ஆடியில், விதை கேட்டு ஆள் வர்ற நேரம் பார்த்து, ஒரு போட்டோவும் திறக்கவில்லை. டவுனில் ஒரு கடையில் காட்டினேன். "டிஸ்க் போயிடுச்சுங்க. ரெகவரி பண்ண 6,000 ஆகும். வரும்னு சொல்ல முடியாது" என்றார். பெட்டியை விட்டுட்டு வர மனசு வரவில்லை. கையோட எடுத்துட்டு வந்துட்டேன்.

வீட்டில் மறுபடி செருகினேன். பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, "ஏங்க, இதுல எப்பவும் ஈ-ன்னுதானே இருக்கும்? இப்ப எஃப்-னு போட்டிருக்கே?" என்றார். அவ்வளவுதான் விஷயம். திறந்து பார்த்தால் எல்லாப் போட்டோவும் பத்திரமா இருந்தது.

நடந்தது இதுதான். விண்டோஸ் ஒவ்வொரு டிரைவுக்கும் ஓர் எழுத்து கொடுக்கும். ஏ, பி இரண்டும் அந்தக் கால ஃபிளாப்பிக்கு. சி, கம்ப்யூட்டரின் சொந்த டிஸ்க்குக்கு. வெளியிலிருந்து செருகுவதற்கு, காலியாக இருக்கிற எழுத்து. தங்கச்சி மகன் கல்யாணப் போட்டோ காட்ட முதலில் பென் டிரைவைச் செருகினான். ஈ அதுக்குப் போயிடுச்சு. பிறகு செருகிய பெட்டிக்கு எஃப். எக்செல் பாவம், பழைய விலாசமான ஈ-யிலேயே தேடிக்கிட்டிருக்கு.

நிலத்துக்கும் இப்படி நடக்கும். மறு சர்வேயில் நம்பர் மாறும். பத்திரத்தில் பழைய சர்வே எண், புதிய சர்வே எண் இரண்டையும் எழுதுவார்கள். நம்பர் மாறினதால வரப்பு நகர்ந்துடாது.

சரிசெய்ய 5 நிமிஷம் போதும். பென் டிரைவைக் கழற்றிவிட்டு, பெட்டியை மட்டும் செருகுங்கள். அதில் எந்த ஃபைலும் திறந்திருக்கக் கூடாது. ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' போங்கள். உங்கள் பெட்டியைப் பேரும் அளவும் பார்த்து அடையாளம் கண்டு, அதன்மேல் ரைட் கிளிக் செய்தால் 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்' வரும். அதில் 'சேஞ்ச்' கொடுத்து, பழைய எழுத்தைத் தேர்ந்தெடுத்து ஓகே. சில புரோகிராம் வேலை செய்யாமல் போகலாம் என்று ஓர் எச்சரிக்கை வரும். பழைய எழுத்துக்கே திரும்புவதால் பயமில்லை, யெஸ் கொடுக்கலாம். எனக்கு எல்லா இணைப்பும் உடனே திறந்தது.

கவனம் இரண்டு. அதே பட்டியலில் 'ஃபார்மட்' என்றும் ஒன்று இருக்கும். அந்தப் பக்கமே போகாதீங்க, உள்ளே இருக்கிறதைத் துடைச்சிடும். சி-யின் எழுத்தையும் மாற்ற நினைக்காதீங்க. புதுசா பெட்டி வாங்குறவங்க, முதல் நாளே ஆர், எஸ் மாதிரி தள்ளி இருக்கிற எழுத்தா வச்சுடுங்க. பென் டிரைவ் வந்து அந்த இடத்தில் உட்காராது. இந்த ஏற்பாடு அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் செல்லும். வேற லேப்டாப்பில் செருகினால் அங்கே வேற எழுத்து வரலாம்.

டிஸ்க் போயிடுச்சுன்னு யாராவது சொன்னா, காசு கொடுக்குறதுக்கு முன்னாடி எழுத்தைப் பாருங்க.

இப்ப இன்னொரு பெட்டி வாங்கி எல்லாத்தையும் நகல் எடுத்து, மச்சினன் வீட்டில் வச்சிருக்கேன். விதைநெல்லை ஒரே குதிரில் போட்டு வைக்கிற சம்சாரி உண்டா?